கேஸைக் காவல் காத்தவர்கள்

கொம்பையாபுரத்தில் மாவு மில் நடத்திய அண்ணன் தம்பிகள் நான்கு பேர். மூத்தவர் நாகரத்தினம். அவருக்கு அடுத்து சோலைமலை, அய்யாவு, கோட்டைச்சாமி. ஆண்டவன் ஆளுக்கு ஒரு தலை கொடுத்திருந்தும், நான்கையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால்தான் அவர்களுக்கு வேலை ஓடும். மின்விசிறியைப் போடுவதென்றால்கூட நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து, பேசி, ஒப்புக்கொண்டு, அதன்பிறகு ஒருவரை அனுப்பி சுவிட்சைத் தட்டுவார்கள். அதற்குள் கரண்ட் போயிருக்கும். நல்லவேளை, முன்பே போட்டுத் தொலைக்கவில்லை என்று நான்கு பேரும் சந்தோஷப்படுவார்கள்.

அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியாள் யாராவது முக்கியமான விஷயம் சொன்னால் ஆளுக்கு ஒரு வாக்கியமாகப் பங்கு போட்டுத்தான் கேட்பார்கள். முதல் வாக்கியம் மூத்தவருக்கு, கடைசி வாக்கியம் கோட்டைச்சாமிக்கு. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். தன் வாக்கியத்தை வாங்கிக்கொண்டவர் பக்கத்தில் நிற்பவரை முழங்கையால் ஓர் இடி இடிப்பார். இடி வாங்கியவர் காதைத் திறப்பார். முன்னொரு காலத்தில் அவர்கள் அப்பா பலசரக்கு வாங்கச் சொல்லியனுப்பியதை நான்கு பேரும் முழுதாகக் கேட்டுக்கொண்டு போய், நான்கு விதமாக ஞாபகம் வைத்து, கடைவாசலில் கைகலப்பாகிவிட்டது. அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு. அதற்குப் பிறகும் சாமான் சரியாக வந்து சேர்ந்ததில்லை. ஆனால் சண்டை நின்றுவிட்டது.

பேசுவதையும் இதே போல் பங்கு போட்டார்கள். அதனால் ஒருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் ஆளுக்கொரு வாக்கியமாகப் பேசினார்கள். பெண் வீட்டார் பலகாரம் தீரும்வரை உற்றுப் பார்த்தும் இதில் மாப்பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தங்கை செண்பகவடிவை மட்டும் சங்கரன்கோவிலில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பேசியது தரகர். அவள் தாயில்லாப் பிள்ளை. நாகரத்தினம்தான் தோளில் போட்டு வளர்த்தவர். அவள் புருஷன் வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவருக்கு மில் ஓடுகிற சத்தம்கூட மெலிந்து கேட்டது. இப்போது வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு தலைப்பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் நடந்தால் வீடு கலகலவென்றது. நாகரத்தினம் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே, தாகம் இல்லாதபோதும் தண்ணீர் கேட்டார்.

ஆனால் கொண்டுவந்து விட்ட சம்மந்தி அம்மா, பூரணவல்லி, அப்படி லேசில் விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. பிள்ளைத்தாச்சி உஷ்ணத்தில் கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் ஏசி இருக்கிறது என்ற ஒரே வார்த்தையை நம்பித்தான் அவள் மருமகளை அனுப்பச் சம்மதித்திருந்தாள். அந்த ஏசி, ஒரு பேங்கில் கழித்துப் போட்டதை வாங்கி மாட்டியது. பூரணவல்லி அதன் அடியில் போய் நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள். யாரோ கொட்டாவி விட்ட மாதிரி ஒரு காற்று வந்தது.

"தம்பி, நான் வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன்," என்றாள். "ரூம் குளுகுளுன்னு இருந்தா அவ இங்கனயே இருந்து பெத்துக்கிடட்டும். இல்லைன்னு வைங்க, வந்த கார்லயே கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

இதையும் பங்கு போட்டுத்தான் கேட்டார்கள். ஆனால் நாகரத்தினத்துக்கு அன்று மட்டும் பொத்திய காதுக்குள்ளேயும் எல்லாம் விழுந்தது.

மறுநாளே மெக்கானிக் செல்வினை வரவழைத்தார்கள். அவன் உள்பெட்டியைத் திறந்து பார்த்தான், சல்லடையை எடுத்துக் கழுவினான், பிறகு மொட்டை மாடிக்குப் போனான். அங்கே ஏசியின் வெளிப்பெட்டிமேல், வீட்டின் நல்ல ஜமுக்காளம் துவைத்து ஈரத்தோடு காயப்போடப்பட்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து சூடான காற்று வருவதால் சீக்கிரம் காயும் என்பது அய்யாவுவின் கண்டுபிடிப்பு. செல்வின் அதை எடுத்துக் கொடியில் போட்டான். கீழே வந்தபோது அறை குளிர்ந்திருந்தது. செண்பகவடிவு போர்வை கேட்டாள்.

"இனிமே கவனமா கேட்டுக்கிடுங்க," என்றான் செல்வின். நான்கு பேரும் வரிசையாக நின்று காதைப் பொத்தினார்கள். செல்வின் அந்த வீட்டுக்குப் புதியவன். ஊரில் பொன்னுக்குவீங்கி பரவியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான்.

"இந்த மிஷின்ல ஓடுறது பழைய கேஸ், அதைச் செய்யுறதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டு வாராங்க." இது நாகரத்தினத்துக்கு. அவர் தம்பியை இடித்தார்.

"ஆனா உள்ள இருக்க கேஸ் இருக்க வரைக்கும் மிஷின் நல்லா ஓடும், மாத்த வேண்டாம்." இது சோலைமலைக்கு.

"வெளிய போயிட்டுன்னா திரும்ப நிரப்பக் கிடைக்கது கஷ்டம், அப்போ புதுசு வாங்கிரதுதான் புத்தி." இது அய்யாவுக்கு.

"அதனால கேஸ் கசியாம பாத்துக்கிடுங்க." இது கோட்டைச்சாமிக்கு.

செல்வின் அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் நல்ல தொழிலாளி. மேலும் இரண்டு வாக்கியம் சொன்னான். கேஸ் என்பது மூடிய செம்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், வீசுகிற காற்று வேறு, அது வேறு என்பது ஒன்று. மாடியில் இருக்கிற பெட்டி உஷ்ணத்தை வெளியே தள்ள வேண்டும், அதன்மேல் எதையும் போட்டு மூடிவிடாதீர்கள் என்பது மற்றொன்று. கணக்குப்படி ஐந்தாவது வாக்கியம் மறுபடி நாகரத்தினத்திடம் வர வேண்டும். கோட்டைச்சாமி சுற்றி வந்து அவரை இடிக்கவும் இடித்தான். ஆனால் அவர் முதல் வாக்கியத்தை வாய்க்குள் முணுமுணுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இன்னொன்றை உள்ளே விட்டால் இது கீழே விழுந்துவிடும் என்று பயந்து காதை இன்னும் இறுக்கிக்கொண்டார். அந்த இரண்டு வாக்கியமும் அவர்கள் தலைக்குமேல் பறந்து ஜன்னல் வழியாக வெளியே போயின.

செல்வின் தெருமுனை திரும்பியதும் நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"இந்தக் கேஸைச் செய்யுறதை நிறுத்துதாங்கன்னு என் பங்கு," என்றார் நாகரத்தினம்.

"இருக்க வரைக்கும் ஓடும், மாத்தாதீங்கன்னு என் பங்கு," என்றார் சோலைமலை.

"போயிட்டா மாத்துங்கன்னு என் பங்கு," என்றார் அய்யாவு.

"ஏ அய்யாவு, அவன் பங்குக்கும் உன் பங்குக்கும் சண்டையால்லா இருக்கு," என்றார் நாகரத்தினம்.

"கேஸ் கசியாம பாத்துக்கிடணும்னு என் பங்கு," என்றான் கோட்டைச்சாமி. "அது நடுவுல வந்துட்டுன்னா ரெண்டும் சமாதானம் ஆயிரும் அண்ணே."

கடைக்குட்டிக்கு இப்படி ஒரு அறிவா என்று மூன்று அண்ணன்மாரும் அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள். ஆனாலும் நாகரத்தினத்துக்கு மனசு ஆறவில்லை. செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்றால் இந்த உலகத்தில் அந்தக் கேஸ் கடைசியாக இருப்பது நம் வீட்டில்தான் என்று அவருக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய பொறுப்பு நமக்கு எதற்கு, பேசாமல் புதிய ஏசியே வாங்கிவிடுவோம் என்றார். நான்கு பேரும் வேட்டியை மாற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் நல்ல மனுஷன். ஒவ்வொரு ஏசியாகக் காட்டினார். எல்லாவற்றிலும் புதிய கேஸ், பழையதைக் காற்று மண்டலத்துக்குக் கெடுதல் என்றுதான் நிறுத்துகிறார்கள், இது அவ்வளவு கெடுதல் இல்லை என்றார்.

"இதையும் ஒருநாள் நிறுத்துவாங்களா?" என்று நாகரத்தினம் கேட்டார்.

பொய் சொல்லக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. "இன்னும் நல்லதா ஒண்ணு வந்தா நிறுத்தத்தான் செய்வாங்க அண்ணாச்சி. அதெல்லாம் ரொம்ப வருஷம் கழிச்சு."

நான்கு பேரும் கடைக்குள்ளேயே, வாஷிங் மிஷின்களுக்கு நடுவே, வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். எப்படியும் நிறுத்தப் போகிற கேஸுக்காக, ஏற்கெனவே நிறுத்திய கேஸை எதற்கு விடுவது என்று கேட்டார் சோலைமலை. நிறுத்தியதை இனிமேல் நிறுத்த முடியாது, புதியதுக்குத்தான் அந்த அபாயம் இருக்கிறது என்றார் அய்யாவு. அதோடு நான்கு பேரும் எழுந்து, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டி, கடைக்காரரிடம் பணிவாகச் சொல்லிக்கொண்டார்கள். "நிறுத்தவே மாட்டாத கேஸ் வந்ததும் ஒரு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புங்க. நாங்க வந்து வாங்கிக்கிடுதோம்."

கடைக்காரர் சரி என்றார். வேறு என்ன சொல்வார்.

வீட்டுக்கு வந்ததும் காவல் தொடங்கியது.

முதலில் ஏசியின் வாயைக் கவனித்தார்கள். அதிலிருந்து குளிர்ந்த காற்று ஓயாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. அய்யாவு கையை நீட்டிப் பார்த்து முகம் வெளுத்துப் போனார். கேஸ் கசிகிறது, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, ஜாஸ்தியாகவே கசிகிறது என்றார். வாயை அடைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். அடைத்தால் அறை குளிராது. குளிராவிட்டால் சம்மந்தி அம்மா தங்கையைக் கூட்டிப் போய்விடுவாள். ஆகவே கேஸ் மிஷினிலிருந்து அறைக்குள் வரலாம், அறையிலிருந்து வீட்டுக்குள் போகக் கூடாது என்று முடிவாயிற்று. ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி அடைத்தார்கள். சாவித் துவாரத்தில் புளி வைத்து அப்பினார்கள். கதவுக்கு அடியில் கோணிப்பை. சுவரில் ஆணி அடித்த ஓட்டையெல்லாம் மைதாப் பசையால் அடைபட்டது.

பிறகு ஆட்கள் போகவர இருந்த பிரச்சினை. அறைக்குள் இருந்து வெளியே வருகிறவர்கள் உடம்பில் குளிர்ச்சியை ஒட்டவைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்பதை சோலைமலைதான் கண்டுபிடித்தார். தம்பி கோட்டைச்சாமியின் முதுகைத் தொட்டுக் காட்டி, பாருங்கள், எவ்வளவு கேஸைக் களவாண்டுகொண்டு வருகிறான் என்றார். அன்றிலிருந்து வெளியே வருகிறவர்கள் கதவருகே நின்று, வேட்டியையும் சட்டையையும் நன்றாக உதறிவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளே இழுத்த மூச்சை உள்ளேயே விட்டுவிட வேண்டும். தும்மல் வந்தால் உள்ளே ஓடிப் போய்த் தும்ம வேண்டும் என்றும் சொன்னார்கள். வெளியே வந்த தும்மல் எப்படி உள்ளே இருந்த கேஸாகும் என்று கோட்டைச்சாமி கேட்டதற்கு, சும்மா கிட, வந்தவரைக்கும் லாபம் என்று பதில் கிடைத்தது.

செண்பகவடிவு அந்த வீட்டுப் பெண்தான். அவளுக்கு இதில் விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை. மூச்சைப் பூராவும் விட்டுவிட்டு, கன்னம் ஒட்டிப்போய், கண்ணை உருட்டிக்கொண்டு வெளியே வருவாள். வந்ததும் குபீரென்று சிரித்துவிடுவாள். புருஷன் வீட்டில் எல்லாரும் கெட்டிக்காரர்கள், சிரிக்க ஒன்றுமே கிடைப்பதில்லை என்று அண்ணன்மாரிடம் குறைப்பட்டாள்.

அவளைப் பார்க்க வந்த நர்சம்மாவுக்கும் இதே சட்டம்தான். அந்த அம்மாள் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது நாகரத்தினம் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"மூச்சை விட்டுட்டுப் போங்கம்மா."

"என்னது?"

"இங்கன இழுத்ததை மட்டும் விட்டாப் போதும். நீங்க வரும்போது கொண்டுவந்ததை எடுத்துக்கிடுங்க."

நர்சம்மா அவரை உட்காரவைத்து அவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தாள். தங்கச்சியைவிட அண்ணனுக்குத்தான் ஜாக்கிரதை தேவை என்று சொல்லிவிட்டு, எதற்கு வம்பு என்று மூச்சையும் விட்டுவிட்டுப் போனாள்.

அடுத்தது தண்ணீர். ஏசியிலிருந்து வருகிற ரப்பர் குழாய் வழியாகத் தோட்டத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது இத்தனை வருஷமும் சொட்டியதுதான். இப்போதுதான் நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். கேஸ் உருகி ஓடுகிறது. உடனே குடம் வைத்துப் பிடித்தார்கள். பிடித்த கேஸைத் திரும்ப உள்ளே விட வேண்டாமா? கோட்டைச்சாமி ஸ்டூல் மேல் ஏறிக் குழாயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். சோலைமலை புனல் வைத்து ஊற்றினார். அய்யாவு அறைக்குள் மிஷினுக்கு நேர் கீழே நின்று, உள்ளே போகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குடத்திலிருந்தது பூராவும் அவர் முகத்தில் விழுந்தது. கட்டிலில் படுத்திருந்த செண்பகவடிவு வளையல் குலுங்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கசப்பு மருந்தைக் குழந்தை துப்புவது போல மிஷின் துப்புகிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்றார் அய்யாவு, மூக்கிலிருந்து தண்ணீரை வழித்துக்கொண்டு. அதுவரைக்கும் கெட்டுப் போகாமலிருக்க மீதிக் கேஸைக் குடத்தில் மூடி, சாமி அறையில் வைத்தார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு நாகரத்தினம் நிம்மதியாக மொட்டை மாடிக்குப் போனார். காற்று வாங்கலாம் என்று வெளிப்பெட்டி பக்கம் போய் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியின் பின்னாலிருந்து புசுபுசுவென்று அனல்காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. கீழே சாவித் துவாரத்தில் புளி வைத்துக் காத்த கேஸ், இங்கே ஊருக்கெல்லாம் பொதுவாகப் பறந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகூட அதில் நின்று கொஞ்சம் அனுபவித்துக்கொண்டிருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் தம்பிமார் மூவரும் மேலே ஓடி வந்தார்கள். அந்த ஒரு சமயம்தான் அவர்கள் வட்டமாக உட்காராமல் காரியம் செய்தது. கொடியில் கிடந்த நல்ல ஜமுக்காளத்தை எடுத்துப் பெட்டியைச் சுற்றினார்கள். அதன்மேல் மில்லிலிருந்து கொண்டுவந்த தார்ப்பாய். அதன்மேல் கயிறு. ஊருக்குப் போகிற படுக்கை மாதிரி அது கட்டுப்பட்டு உட்கார்ந்தது. நாகரத்தினம் காதை வைத்துக் கேட்டார். உள்ளே முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு சத்தமே இல்லை.

"அடங்கிட்டு," என்றார் திருப்தியாக. "இனிமே ஒரு பொட்டு வெளிய போகாது."

அன்று சாயங்காலத்திலிருந்து ஏசி அறை, அடுப்படியைவிடச் சூடாக இருந்தது. மிஷின் காற்று வீசியது, குளிர்ச்சிதான் இல்லை. துணி அடைத்த ஜன்னல், பசை பூசிய சுவர், எல்லாம் சேர்ந்து அறை இட்லிக் கொப்பரை போல ஆயிற்று. செண்பகவடிவு சிரிப்பதை நிறுத்திவிட்டு விசிறியால் வீசிக்கொண்டாள்.

மறுபடி வட்டம் கூடியது. கேஸ் போய்விட்டதா, இருக்கிறதா? போய்விட்டது என்றால் அய்யாவு பங்குப்படி மிஷினை மாற்ற வேண்டும். இருக்கிறது என்றால் சோலைமலை பங்குப்படி மாற்றக் கூடாது. கேஸ் வருவதை நாம் பார்க்கவில்லை, போவதை மட்டும் எப்படிப் பார்ப்பது என்று கேட்டான் கோட்டைச்சாமி.

"போகலை," என்றார் சோலைமலை. "எல்லா ஓட்டையும் அடைச்சாச்சு. அப்புறம் எங்க போவும்?"

"பெறவு ஏன் குளிரலை?" என்று கேட்டார் அய்யாவு.

"அது பயந்து கெடக்கு. தன்னைச் செய்யுறதை நிறுத்திட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. தாசில்தார் ஆபீஸ்ல ரிட்டயர் ஆவப்போறவரு மாதிரி, பேருக்கு வந்து உக்காந்துருக்கு, வேலை பாக்க மாட்டேங்கு."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நாகரத்தினம் மட்டும் தலையாட்டவில்லை. அவருக்குக் கேஸைப் பற்றிக் கவலை தீர்ந்து, வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கவலை தொடங்கியிருந்தது. எழுந்து அறைக்குப் போனார். தங்கை வியர்வையில் நனைந்து, தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"அண்ணே, என்னைக் கூட்டிட்டுப் போயிருவாவளா?" என்று கேட்டாள்.

அந்த அறையில் பேசினால் கொஞ்சம் கேஸ் வீணாகுமோ என்று வாயை மூடிக்கொண்டதாக அவளிடம் சைகை காட்டினார். பிறகு அவள் கையிலிருந்த விசிறியை வாங்கி வீசத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே கார் வந்துவிட்டது. பூரணவல்லியின் மகன் அம்மாவை இறக்கிவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனான். பூரணவல்லி தாம்பாளத்தில் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு நேரே அறைக்குள் நுழைந்தாள். அவள் முகம் உடனே வியர்த்தது. மருமகளின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள், சுவரில் காய்ந்த மைதாவைப் பார்த்தாள், சாவித் துவாரத்தைப் பார்த்தாள்.

"இதுதான் ஏசி ரூமா?"

"அத்தை, கொஞ்சம் உட்காருங்க. இப்போ குளிந்துரும்," என்றார் நாகரத்தினம். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பூரணவல்லி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"சம்மந்தம் பேச வந்த அன்னைக்கு எனக்கு நல்ல ஜமுக்காளம் விரிச்சியளே, செவப்பும் நீலமுமா. இன்னைக்கு நான் நாற்காலிக்குப் போயிட்டேனா? பொண்ணைக் கட்டிக்கொடுத்த பெறகு மரியாதை அவ்வளவுதானா?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்மந்திக்கு விரிக்கிற ஜமுக்காளம் அந்த வீட்டில் ஒன்றுதான். அது மொட்டை மாடியில் உலகத்தின் கடைசிக் கேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

வட்டம் கூட நேரமில்லை. நாகரத்தினம் மெதுவாக மாடிப்படி ஏறினார். ஜமுக்காளத்தை எடுத்தால் கேஸ் போகும்; கேஸ் போனால் தங்கை போவாள். எடுக்காவிட்டால் சம்மந்திக்கு அவமரியாதை. அப்போதும் தங்கை போவாள். எப்படியும் போகப் போகிறாள் என்றால், பிறந்த வீட்டில் மாமியாருக்கு உட்கார இடமில்லை என்ற பேச்சாவது அவளுக்கு வராமல் இருக்கட்டும். அவர் கயிற்றை அவிழ்த்தார். தார்ப்பாயைத் தள்ளினார். கண்ணில் நீர் தளும்ப, ஜமுக்காளத்தை உருவி எடுத்தார். பெட்டிக்குள்ளிருந்து குப்பென்று ஒரு சூடு வந்து முகத்தில் அடித்தது. "போயிட்டு வா," என்று அதற்கு விடைகொடுத்துவிட்டு, கீழே வந்து, அறைக்கு நடுவில் விரித்தார்.

பூரணவல்லி கனத்த உடம்புக்காரி, முழங்கால் வலி வேறு. அய்யாவும் கோட்டைச்சாமியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மெல்ல இறக்கினார்கள். உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, ஜமுக்காளத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இப்போதான் சரி. தம்பி, நான் சுருக்கமா சொல்லிருதேன். இந்த உஷ்ணத்துல பிள்ளையை விட்டுட்டுப் போவ என்னால முடியாது. அவ துணிமணியை எடுத்து வைங்க."

செண்பகவடிவு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சுவரைப் பார்த்தார். காபி வந்தது. பூரணவல்லி ஊதி ஊதிக் குடித்தாள். பாதி டம்ளர் காலியானபோது மாடியில் எங்கோ ஒரு உறுமல் கேட்டது.

முதலில் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடி அசைந்தது. பிறகு கழுத்து வியர்வை காய்ந்தது. மீதிக் காபியை ஊதாமலே குடித்தாள். இன்னும் சற்று நேரத்தில் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். அடைத்து வைத்த அறை அல்லவா, வந்த குளிர் ஒரு பொட்டு வெளியே போகவில்லை. சங்கரன்கோவிலில் அவள் வீட்டுப் புது ஏசிகூட இப்படிக் குளிர்ந்ததில்லை.

"அடேயப்பா," என்றாள் பூரணவல்லி. பல் லேசாகக் கிட்டியது. "குளுகுளுன்னுதான் இருக்கு. சரி, அவ இங்கனயே இருக்கட்டும். பிள்ளை பெறந்து மூணாம் மாசம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

செண்பகவடிவின் வளையல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. நாகரத்தினம் சாமி அறைக்கு ஓடிப் போய், அங்கே குடத்திலிருந்த கேஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார்.

"அப்போ நான் வாசல்ல போய் உக்காருதேன், பையன் வந்துருவான்," என்று பூரணவல்லி எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.

அய்யாவு அந்தக் கையைப் பிடிக்கப் போனார். சோலைமலை அவரை முழங்கையால் இடித்தார்.

"பொறுலே. அத்தை வார வரைக்கும் ரூம் எப்படி இருந்துச்சு?"

"அடுப்பு மாதிரி இருந்துச்சு."

"ஜமுக்காளம் விரிச்சதும் குளிந்துச்சா?"

"இல்ல. அத்தை உக்காந்த பெறவுதான் குளிந்துச்சு."

"அப்போ எழுந்திரிச்சா?"

இந்தக் கேள்வி அறைக்கு நடுவில், பூரணவல்லியின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டு நின்றது. நான்கு பேரும் அவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கூடிய வட்டங்களிலேயே நடுவில் ஆள் இருந்த வட்டம் அது ஒன்றுதான். கசிந்துகொண்டிருந்த ஏதோ ஓர் ஓட்டையை அத்தை சரியாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது விளங்கிவிட்டது. ஆனால் அவளை எடுக்கலாமா, எடுத்தால் அந்த இடத்தில் வேறு என்ன வைப்பது என்பதைத் தெரிந்தவனைத்தான் கேட்க வேண்டும். நாகரத்தினம் செல்வினுக்குப் போன் போட்டு, எல்லாரும் பங்கு போட்டுக் கேட்க வசதியாக ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, மிஷின் தங்கமா ஓடுது. எங்க சம்மந்தி அம்மா உக்காந்ததும் குளிந்துட்டு. இப்போ அவங்க எழுந்திரிக்கணும்கிறாங்க. அவங்களை மாதிரியே இன்னொண்ணு கடையில கிடைக்குமா, இல்ல அந்த மாடலையும் நிறுத்திட்டாங்களா?"

நான்கு பேரும் காதைப் பொத்தித் தயாராக இருந்தார்கள். பிறகு செல்வின் பேசினான்.

"அண்ணாச்சி, நான் இப்போ தென்காசியில ஒரு வேலையில இருக்கேன்." இது நாகரத்தினத்துக்கு.

"சாயங்காலம் நேரா அங்க வாரேன்." இது சோலைமலைக்கு.

"அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க." இது அய்யாவுக்கு.

"எது எங்க இருக்கோ அது அங்கனயே இருக்கட்டும்." இது கோட்டைச்சாமிக்கு.

ஐந்தாவதாகவும் அவன் ஒன்று சொன்னான். அந்த அம்மாவை முதலில் தூக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள் என்பது அது. அது யார் பங்கிலும் சேரவில்லை.

பூரணவல்லி இரண்டு கையையும் நீட்டினாள். நான்கு பேரும் அவளைத் தொடாமல், இரண்டடி தள்ளி, பயபக்தியோடு கைகட்டி நின்றார்கள். அவள் நீட்டிய கையை மடக்கினாள், பிறகு மறுபடி நீட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. குளிர் ஏறிக்கொண்டே போனது. செண்பகவடிவு தன் போர்வையை எடுத்து, தொட்டுவிடாமல் எட்ட நின்றபடியே, மாமியார்மேல் வீசிப் போட்டாள்.

"ஏம்மா," என்றாள் பூரணவல்லி, போர்வைக்குள்ளிருந்து. "உங்க அண்ணன்மாரு என்னை எப்பம்மா தூக்கிவிடுவாவ?"

"கேஸ் தீரட்டும் அத்தை."